ட்ரையர் சுத்துது, சூடுதான் வருதில்ல – வீட்டில வச்சே கழட்டிப் பாக்கலாமா?

கல்லடிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட வீட்டில உடுப்புக் காயவைக்கிற ட்ரையர் ஒண்டு இரிக்கு, அண்ணா லண்டன்ல இருந்து சாமான் போடக்குள்ள சேத்து அனுப்பினது, பின்னால குழாய் வச்சு சூட்டுக் காத்த வெளிய விடுற டைப். இப்ப டிரம் நல்லாச் சுத்துது, லைட் எரியுது, டைமரும் ஓடுது, ஆனா எவ்வளவு நேரம் விட்டாலும் போட்ட உடுப்பு போட்டபடி ஈரமாத்தான் கிடக்கு, கதவத் திறந்து கைய விட்டுப் பாத்தா சூடு எண்டதே இல்ல.

வெயில் காலமெண்டா நான் இதுக்கு இவ்வளவு பாடுபட மாட்டன், வளவுக்க கொடியில போட்டா மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும். ஆனா இது மார்கழி, மழை விடுறதாத் தெரியல்ல, அம்மா படுத்த படுக்கையில, ஒவ்வொரு நாளும் பெட்ஷீட், துவாய், சட்டை எண்டு கழுவியே ஆகணும். ஹோலுக்க கயிறு கட்டி ஃபேனப் போட்டுக் காயவச்சா ஒரு புழுங்கல் மணம் வருது, அம்மாக்கு முதுகில ஏற்கனவே புண், ஈரப்பதத்தோட துணி போட ஏலாது. ரிப்பேர்காரர் ஒருத்தர் வந்தார், மூடியக்கூட கழட்டல்ல, உள்ளுக்க இரிக்கிற எலெக்ட்ரோனிக் போர்ட் போயிற்று, புதுசு வாங்குங்க எண்டு சொல்லி வந்த கூலிய வாங்கிக்கொண்டு போயிற்றார். அண்ணாட மல்டிமீட்டர் ஒண்டு வீட்டில கிடக்கு, எனக்கு அதப் புடிச்சு வயர் பாக்கத் தெரியும். நானே கழட்டிப் பாக்கலாமா, எங்க இருந்து தொடங்கிற?

களுவாஞ்சி_எலெக்ட்ரிக்:
பாக்கலாம் தங்கச்சி, ட்ரையர் வாஷிங் மிஷின விட லேசான சாமான், தண்ணி இல்ல, பம்ப் இல்ல. ஒரு மோட்டர், ஒரு பெல்ட், ஒரு ஹீட்டர், ரெண்டு மூண்டு தேர்மோஸ்டட், அவ்வளவுதான். அதுக்கு முதல் சில விசயம் கேக்கணும். டைமர் முறுக்கிற டைப்பா இல்லாட்டி டச்சா? சூடு ஒரே நாளில நிண்டதா, இல்ல கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சதா? அதுக்கு முன்னம் உடுப்புக் காயிறதுக்கு வழமைய விடக் கூட நேரம் எடுத்ததா? மிஷினுக்கு மேல கை வச்சா சுட்டதா? வெளிய போற குழாய் எவ்வளவு நீளம், எத்தினை வளைவு, எங்க போய் முடியுது? இதுக்கெல்லாம் பதில் போடுங்க, புறகு கழட்டலாம். அதுவரைக்கும் மறுபடி மறுபடி போட்டுப் பாக்காதீங்க.

கல்லடிக்காரி:
முறுக்கிற டைமர்தான் அண்ணே. சூடு நிண்டது ஒரே நாளில, காலைல போட்டது காஞ்சது, பின்னேரம் போட்டது காயல்ல. ஆனா நீங்க கேட்டது சரி, அதுக்கு முன்னம் கொஞ்சக் காலமா பெட்ஷீட் காய நல்லா நேரம் எடுத்தது, மழைக்குத்தான் அப்பிடி எண்டு நினைச்சம். மேல் தகடும் சுட்டது. குழாய் மிஷினுக்குப் பின்னால வளைஞ்சு செவத்தால வெளிய போகுது, வெளி வாயில சின்னத் தகட்டு மூடி, காத்து வந்தாத் திறக்கிற மாதிரி.

களுவாஞ்சி_எலெக்ட்ரிக்:
அப்ப போர்ட் போயிற்று எண்டு சொன்னவர் என்னத்தப் பாத்துச் சொன்னார் எண்டு விளங்கல்ல, முறுக்கிற டைமர் மிஷின் கனக்கதில போர்டே இல்ல. சரி, அவர விடுங்க.

வேலை செய்யிற விதம் விளங்கினா நீங்களே பிடிச்சிருவீங்க. ஃபேன் அறைக்க இரிக்கிற காத்த இழுத்து ஹீட்டருக்கு மேலால அனுப்புது, அந்தச் சூட்டுக் காத்து டிரம்முக்க போய் ஈரத்த எடுத்துக்கொண்டு பஞ்சு புடிக்கிற பில்டரத் தாண்டி குழாயால வெளிய போகுது. ஹீட்டர் ரெண்டாயிரம் வாட்ஸ் அளவு. காத்து ஓடுற வரைக்கும்தான் அந்தச் சூடு அளவா இரிக்கும். குழாய் அடைச்சா, பில்டர் அடைச்சா, காத்து நிக்கும், ஹீட்டர் தன்ட சூட்டில தானே வேகும். அதுக்குத்தான் ரெண்டு காவல் வச்சிருக்கான். ஒண்டு தேர்மோஸ்டட், சூடு கூடினா வெட்டும், ஆறினா மறுபடி சேக்கும், ஒவ்வொரு தடவையும் அப்பிடி வெட்டி வெட்டித்தான் ஓடும். மற்றது தேர்மல் பியூஸ் இல்லாட்டி தேர்மல் கட்அவுட், அது கடைசிக் காவல். சிலதில அது ஒருக்கா வெட்டினா வெட்டினதுதான், மறுபடி சேராது, புதுசு போடணும். சிலதில நடுவில சின்னப் பட்டன் இரிக்கும், ஆறினாப் புறகு அமத்தினா டிக் எண்டு சேரும்.

ஒங்கட கதையக் கேட்டா காத்து அடைச்சு மேல் தகடு சுட்டு கடைசியா அந்தக் கட்அவுட் வெட்டிற்று எண்டுதான் எனக்குப் படுது. ஹீட்டர் கொயில் அறுந்திருக்கவும் கூடும், மீட்டர் வச்சாத் தெரியும்.

வாவிக்கரை:
மச்சான்மார், எங்கட சின்னம்மாட மகன் இதே கேஸ் ஒண்ட லேசா முடிச்சவன். அந்த பியூஸக் கழட்டிற்று ரெண்டு வயரையும் சேத்து முறுக்கி டேப் சுத்தி விட்டான், சாமான் தேடி அலையிற வேலை இல்ல, இப்பவும் ஓடுது. அக்காக்கு அவசரமெண்டா அதச் செய்யலாமே.

களுவாஞ்சி_எலெக்ட்ரிக்:
தம்பி, அதச் செய்யவே கூடாது. கடைசிக் காவலக் கழட்டி எறிஞ்சிற்றான், காத்து அடைச்சது அடைச்சபடி கிடக்கு. தேர்மோஸ்டட் ஒட்டிப் போன நாளைக்கு வெட்டுறதுக்கு ஆளில்ல, ஹீட்டருக்குப் பக்கத்தில காஞ்ச பஞ்சு நிறையக் கிடக்கும், அது பத்திக்கொள்ளும். வீட்டில எழும்பி ஓட ஏலாத ஒரு மனுசி படுத்திருக்கா, யோசிச்சுப் பாருங்க. சின்னம்மாட மகனுக்கு இண்டைக்கே கோல் எடுத்துச் சொல்லுங்க, சரியான கட்அவுட் போடுற வரைக்கும் அந்த மிஷின்ட பிளக்கக் கழட்டி வைக்கட்டும். ஆள் வீட்டில இல்லாத நேரம், நித்திரை கொள்ளுற நேரம் ஓட விடுறதெண்டா சொல்லவே வேணாம்.

லண்டன்ல_மட்டக்களப்பான்:
அண்ணன் சொல்லுறது முழு உண்மை. இன்னொண்டும் சொல்லணும், ஊருக்கு ட்ரையர் அனுப்பின ஆக்கள் எல்லாரும் கேளுங்க. 2015 நவம்பர்ல வேர்ல்பூல் கொம்பனி இங்க ஒரு எச்சரிக்கை விட்டது, 2004க்கும் 2015க்கும் இடையில பிரிட்டன்ல வித்த ஹொட்பொயின்ட், இன்டெசிற், கிரீடா, ஸ்வான், ப்ரோலைன் பேர்ல வந்த சில ட்ரையர் மொடல்ல பஞ்சு ஹீட்டரில போய் முட்டி நெருப்புப் பத்தக் கூடும் எண்டு. கணக்கு 50 லட்சத்துக்கு மேல. 2016 ஆகஸ்ட்ல மேற்கு லண்டன்ல ஷெப்பர்ட்ஸ் புஷ் பக்கம் 18 மாடிக் கட்டடம் ஒண்டில பத்தின நெருப்பு ஒரு ட்ரையர்ல இருந்துதான் தொடங்கினது. மறுகா 2019ல அரசாங்கம் நெருக்கினதில, திருத்தாம மிச்சமாக் கிடந்த மிஷினெல்லாத்தையும் கொம்பனி திருப்பி எடுக்கத் தொடங்கினது.

இத ஏன் சொல்லுறன் எண்டா, இங்க ஆக்கள் மிஷின் மாத்தக்குள்ள பழசத்தான் பார்சல்ல ஊருக்குப் போடுறது, திருத்தினதா இல்லையா எண்டு ஒருத்தரும் பாக்கிறதில்ல. கதவுக்கு உள்பக்கம் இல்லாட்டிப் பின்னால ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல மொடல் நம்பரும் சீரியல் நம்பரும் இரிக்கும், அத எடுத்து கொம்பனிட சைட்டில அடிச்சுப் பாருங்க. திருத்தின மிஷினெண்டா உள்ளுக்கோ பின்னாலயோ ஒரு பச்சைப் புள்ளி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, ஆனா ஸ்டிக்கர மட்டும் நம்பாம நம்பர அடிச்சே பாருங்க.

கல்லடிக்காரி:
நல்ல வேளை சொன்னீங்க அண்ணா. நம்பர அடிச்சுப் பாத்தன், எங்கட மொடல் அந்த லிஸ்டில இல்ல, பேரும் வேற கொம்பனி. நாளைக்குக் கழட்டுறன். என்ன ஒழுங்கில கழட்டுற எண்டு ஒருக்காச் சொல்லுங்க அண்ணே.

களுவாஞ்சி_எலெக்ட்ரிக்:
முதல் வேலை, சோக்கட்டில சுவிட்ச ஓஃப் பண்ணினாப் போதும் எண்டு விடாதீங்க, பிளக்கையே கழட்டி கண்ணுக்குத் தெரியிற இடத்தில, மிஷினுக்கு மேலயே வைங்க, வீட்டு ஆக்கள் ஒருத்தரும் தெரியாமக் கொண்டுபோய்ச் செருகக் கூடாது. ஓடி முடிஞ்ச மிஷினெண்டா ஆற விடுங்க. கைக்கு உறை போடுங்க, உள்ளுக்க இரிக்கிற தகட்டு விளிம்பெல்லாம் பிளேட் கணக்கா வெட்டும்.

பின்தகட்டுக்கு எட்டு, பத்து இஸ்குரூ இரிக்கும், கடல்காத்துக்குத் துருப்புடிச்சிருந்தா பலவந்தம் பண்ணாதீங்க, கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊற விட்டுத் திருப்புங்க, தலை தேய்ஞ்சா அதோட ஒரு நாள் போயிரும். கழட்டின உடன ஒரு வயரையும் தொட முதல் போன்ல நாலு பக்கத்தாலயும் போட்டோ எடுங்க.

மீட்டர 200 ஓம்ஸ் அளவில வைங்க. ஹீட்டர்ல வார ரெண்டு வயர்ல ஒண்டக் கட்டாயம் கழட்டிற்றுப் பாருங்க, இல்லாட்டி வேற வழியாச் சுத்தி வந்து பொய்க் கணக்குக் காட்டும். 230 வோல்ட், 2000 வாட்ஸ் எண்டா 230ஐ 230ஆல பெருக்கி 2000ஆல பிரிச்சா 26 சொச்சம் ஓம்ஸ் வரும், அதுக்குக் கிட்ட காட்டினா கொயில் நல்லம். சிலதில ரெண்டு கொயில் இரிக்கும், அரைச்சூடு முழுச்சூடு எண்டு, அப்ப ஒவ்வொண்டுக்கும் கணக்குக் கூடக் காட்டும். மீட்டர் ஒண்டுமே காட்டாம 1 எண்டு நிண்டா அறுந்திற்று. மறுகா ஹீட்டருக்குப் பக்கத்தில காசு அளவில வட்டமா ரெண்டு சாமான் இரிக்கும், ரெண்டும் ஆறின நேரம் கிட்டத்தட்ட பூச்சியம் காட்டணும். காட்டாதது எதுவோ அதுதான் போனது.

ஆரையம்பதி_அக்கா:
இடையில வாறத்துக்குக் குறை நினைக்காதீங்க. எங்கட ட்ரையர் வேற மாதிரி, மழைக்காலம் தொடங்கி முதல்முதலாப் போட்டா வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுது. வெயில் காலம் முழுக்க மூடிக் கிடந்தது. வயரிங் பாஸ் வந்து பாத்து வீட்டு வயரிங்ல பிழை இல்ல எண்டுறார்.

களுவாஞ்சி_எலெக்ட்ரிக்:
அக்கா, அது எங்கட கரையோரம் முழுக்க இரிக்கிற பிரச்சினை. ஹீட்டர் கொயிலச் சுத்தி இரும்புக் குழாய் இரிக்கிற டைப்பெண்டா, குழாய்க்கும் கொயிலுக்கும் நடுவில மக்னீசியம் ஒக்சைட் எண்ட வெள்ளை மா அடைச்சிருக்கும், கனகாலம் ஓடாமக் கிடந்தா நுனியால ஈரம் இழுத்துக்கொள்ளும். அப்ப கொஞ்சம் கரண்ட் மிஷின்ட தகட்டுப் பொடிக்குக் கசியும், வீட்டில இரிக்கிறது 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் எண்டா உடன விழும், விழுறதுதான் அதுட வேலை. எர்த் வயரக் கழட்டி ஓட்டிப் பாக்காதீங்க, ட்ரிப் சுவிட்சத் தாண்டி வயர் போடாதீங்க. ஹீட்டர்ட ஒரு முனைக்கும் பொடிக்கும் நடுவில மீட்டர கூடின அளவில வச்சுப் பாருங்க, ஏதாவது கணக்குக் காட்டினா அதுதான். சாதாரண மீட்டர்ல ஒண்டும் காட்டாட்டியும் நல்லம் எண்டு முடிவெடுக்க ஏலாது, மெகர் எண்ட கரண்ட் கசிவு பாக்கிற மீட்டர் வச்சிருக்கிற ஒருத்தரக் கூப்பிட்டு 500 வோல்ட்ல பாக்கச் சொல்லுங்க. கொயிலுக்கு வார வயர்முனை பச்சை புடிச்சிருக்கா எண்டும் பாருங்க, உப்புக்காத்துக்கு அதுவும் நடக்கும்.

அக்கரைப்பற்று_இளசு:
எங்கட மாமா கனடால இருந்து பெரிய ட்ரையர் ஒண்டு அனுப்பியிருக்கார், பிளக்ல நாலு கால், பெரிசு. அந்த பிளக்க வெட்டிற்று 13 ஆம்பியர் பிளக் போட்டா ஓடுமா?

களுவாஞ்சி_எலெக்ட்ரிக்:
போட்டுராதீங்க மனே. கனடா, அமெரிக்கா ட்ரையருக்கு ரெண்டு லைவ் ஒரு நியூட்ரல் ஒரு எர்த், லைவுக்கும் லைவுக்கும் நடுவில 240, லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில 120. ஹீட்டர் 240ல ஓடும், மோட்டரும் டைமரும் 120ல, அதுவும் 60 ஹேர்ட்ஸ். எங்கட கரண்ட் 230, 50 ஹேர்ட்ஸ், மோட்டருக்குக் குடுத்தா எரிஞ்சிரும். ஹீட்டரும் 5000 வாட்ஸ் பக்கம் வரும், 13 ஆம்பியர் பிளக் தாங்குறதே 3000 வாட்ஸ்தான். மாமாட மனசு நோகாமச் சொல்லி, இனி அனுப்புறதெண்டா லண்டன், ஐரோப்பாப் பக்கம் 230 வோல்ட் எண்டு ஸ்டிக்கர் ஒட்டினதப் பாத்து எடுக்கச் சொல்லுங்க.

கல்லடிக்காரி:
கழட்டிற்றன் அண்ணே. நீங்க சொன்ன மாதிரியே பிளக்க மேல வச்சு, போட்டோ எடுத்து எல்லாம் செஞ்சன். ஹீட்டர் 27 காட்டுது. ஒரு வட்டச் சாமான் பூச்சியத்துக்குக் கிட்ட, மற்றது 1ல நிக்குது, அசையல்ல, நடுவில பட்டனும் இல்ல. அப்ப அது ஒருக்கா வெட்டுற டைப்தானே.

ஆனா நான் சொல்ல வந்தது அதில்ல. குழாய மிஷின்ல இருந்து இழுத்தன், வளைஞ்ச இடத்தில சாம்பல் நிறத்தில ஈரப்பஞ்சு, கைய விட்டு எடுக்க எடுக்க வருது, ஒரு வாளி நிரம்பிற்று. மறுகா குடையப் புடிச்சுக்கொண்டு வெளிய போய் செவத்துப் பக்கம் மூடியப் பாத்தா, தகட்டுட பிணைச்சலுக்கு மேல குளவி மண்கூடு கட்டி அது காஞ்சு இறுகிப் போய்க் கிடக்கு, மூடி ஒரு விரல்கூடத் திறக்கல்ல. உள்ளுக்க குளவி இல்ல, பழங்கூடு. திருப்புளியால தட்டித் தட்டித்தான் உடைக்க வேண்டி வந்த. காத்து போக வழியே இல்ல, உடுப்பில இருந்து வந்த ஈரம் முழுக்க குழாய்க்கயே தங்கியிருக்கு.

இப்ப அந்தக் கட்அவுட் எங்க எடுக்கிற? டவுன்ல ஒரு கடையில ரைஸ் குக்கருக்குப் போடுற பியூஸ் இரிக்கு, அதப் போடலாம் எண்டுறாங்க.

களுவாஞ்சி_எலெக்ட்ரிக்:
சபாஷ் தங்கச்சி, நோய அடியோட புடிச்சிற்றீங்க. பியூஸ மட்டும் மாத்தி மூடியிருந்தா வாற மாதம் அதுவும் வெட்டியிருக்கும்.

ரைஸ் குக்கர் பியூஸ் வேணாம். அது 170, 180 டிகிரில வெட்டுற சாமான், 10 ஆம்பியர்தான் தாங்கும், ஒங்கட மிஷினுக்கு கொம்பனி என்ன டிகிரி வச்சிருக்கானோ அதேதான் போகணும். பழசுட முதுகில டிகிரியும் ஆம்பியரும் அடிச்சிருக்கும், மொடல் நம்பரோட சேத்து அண்ணாக்கு அனுப்புங்க. லண்டன்ல இதத் தேர்மோஸ்டட்டும் கட்அவுட்டும் சேத்து ஒரு கிட்டாவே விக்கிறாங்க, ரெண்டையும் ஒண்டா மாத்துங்க, ஒரே சூட்டப் பட்ட சாமான், ஒண்ட நம்பி மற்றத விட ஏலாது. சின்னச் சாமான், கடித உறைக்குள்ளயே வந்திரும். வயர்முனை கருகியிருந்தா புதுமுனை போட்டு கிரிம்ப் பண்ணுங்க, அதாவது குறட்டால நசுக்கிப் பூட்டுங்க, ஈயம் வச்சு ஒட்ட வேணாம், அந்த இடத்துச் சூட்டுக்கு ஈயம் இளகும்.

குழாயையும் மாத்துங்க. ரிங் ரிங்கா இரிக்கிற மெல்லிசு பிளாஸ்டிக் குழாய்தான் பஞ்சப் புடிச்சு வைக்கிறது, பத்தினா எரியவும் செய்யும். பாத்ரூமுக்குப் போடுற பிவிசி குழாயும் வேணாம். 4 அங்குல அலுமினியம், முடிஞ்சளவு கட்டை, முடிஞ்சளவு நேர். வெளிவாய்க்கு வலை அடிக்காதீங்க, குளவி வராது எண்டு நினைச்சு அடிப்பாங்க, பஞ்சு அந்த வலையிலயே அடைச்சிரும். மூடி நல்லாத் திறந்து மூடினாப் போதும், இடைக்கிடை போய்ப் பாருங்க. பில்டர ஒவ்வொரு தடவையும் துடைக்கணும், உடுப்பு மெதுவாக்கிற திரவம் பாவிக்கிறதெண்டா மாதத்தில ஒருக்கா சவர்க்காரத் தண்ணில கழுவுங்க, அது வலையில படை மாதிரிப் புடிக்கும், கண்ணுக்குத் தெரியாது.

நிந்தவூர்நானா:
அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சிட வேலை நல்லா வந்ததில சந்தோசம். என்ட மிஷின் வேற பக்கம், போட்டா ம்ம்ம் எண்டு சத்தம் மட்டும், டிரம் சுத்துதில்ல.

களுவாஞ்சி_எலெக்ட்ரிக்:
வ அலைக்கும் ஸலாம் நானா. அப்பிடிச் சத்தம் போட்டா நிக்கவிட்டுப் பாத்துக்கொண்டிருக்காதீங்க, மோட்டர் சூடேறும், ஓஃப் பண்ணி பிளக்கக் கழட்டுங்க. கையால டிரம்மத் திருப்புங்க. ஒரு பாரமும் இல்லாம லேசாச் சுத்தினா பெல்ட் அறுந்திற்று. அறுந்த பெல்ட்டில நம்பர் இரிக்கும், 1930 எச் 7 எண்டு அடிச்சிருந்தா சுத்தளவு 1930 மில்லிமீட்டர், 7 வரி, அதே நம்பர்தான் வேணும். டிரம் பாரமாச் சுத்தி, ஆனா மோட்டர் தானா எடுக்கல்ல எண்டா அனேகமா மோட்டர்ட கபாசிட்டர். அதக் கையால தொட முதல் கரண்ட இறக்கணும், பிளக் கழட்டினாலும் கபாசிட்டருக்க தங்கியிருக்கும், பழக்கமில்லாட்டி பக்கத்தில தெரிஞ்ச ஒருத்தர வச்சுக்கொண்டு செய்ங்க.

வாவிக்கரை:
அண்ணே, தம்பிக்காரனோட கதைச்சன். மிஷின நிப்பாட்டிற்றான், பின்தகடும் கழட்டிற்றான், அவன்ட குழாயும் முழுக்க அடைச்சிருக்காம். கட்அவுட்ட நம்பர எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கன்.

கல்லடிக்காரி:
அண்ணா அனுப்பின கிட் வந்து போட்டாச்சு. முதல்ல உடுப்பில்லாம ஓடவிட்டு வெளிய போய் மூடிக்குக் கிட்ட கை வச்சுப் பாத்தன், தகடு நல்லாத் தூக்கிக்கொண்டு நிக்குது, சூட்டுக் காத்து கையில அடிக்குது, மேல் தகடு இளஞ்சூடுதான். வாஷிங் மிஷின்ல ஸ்பின்ன கூட்டி வச்சு நல்லாப் பிழிஞ்சுதான் போடுறன், ஒரு மணித்தியாலம் ஓடினா ரெண்டு யூனிட் போகுது, அதால தேவையில்லாம விடுறதில்ல. அம்மாட பெட்ஷீட் ரெண்டும் ஒரே தடவையில காஞ்சிற்று, மணமும் இல்ல. நான் வீட்டில முழிச்சிருக்கிற நேரம் மட்டும்தான் போடுறன்.

ஆரையம்பதி_அக்கா:
தங்கச்சி, அந்த அலுமினியக் குழாய் டவுன்ல கிடைக்குதா? நான் கேட்ட கடையெல்லாம் ட்ரையர் குழாய் எண்டா என்னெண்டே தெரியாதாம்.

கல்லடிக்காரி:
ட்ரையர் எண்டு கேக்காதீங்க அக்கா. குசினில அடுப்புக்கு மேல புகை இழுக்கிற ஹூட்டுக்குப் போடுற 4 அங்குலக் குழாய் எண்டு கேளுங்க, ஹார்ட்வெயார்ல உடன எடுத்துத் தருவாங்க. ரெண்டு விதம் வச்சிருப்பாங்க, விரலால அமத்தினாக் கிழியிற மெல்லிசு ஃபொயில எடுக்காதீங்க, வளைச்சா வளைச்சபடி நிக்கிற தடிச்சதக் கேளுங்க. குழாய் மாட்டுறதுக்கு இஸ்குரூ அடிக்காம வளையக் கிளிப்பும் ரெண்டு சேத்து வாங்குங்க, இஸ்குரூட நுனி உள்ளுக்க நீட்டிக்கொண்டு நிண்டா அதிலயும் பஞ்சு புடிக்குமாம், அண்ணன் எனக்குக் கோல்ல சொன்னவர்.